சிமெண்ட் தரையில் பூஞ்சை: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்த நாலாம் நாள் பீரோவை நகர்த்தினால், அடியில் சாம்பல் தூவினாற்போல ஒரு படலம். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிறது. பத்து நாளில் அதே இடத்தில், அதே வடிவில் வந்து உட்கார்கிறது. அடுத்த தடவை பினாயில், அதற்கடுத்து பிளீச்சிங் பவுடர், கடைசியில் ஆசிட் என்று போவதுதான் பல வீடுகளில் வழக்கம். மருந்தை மாற்றிக்கொண்டே போகிறார்கள்; ஈரம் எந்த வழியாக வருகிறது என்று பார்ப்பதில்லை.

கான்கிரீட்டில் பூஞ்சைக்குத் தின்ன ஒன்றும் கிடையாது. அது தின்பது தரைமேல் படிந்த தூசி, தோல் துகள், சிந்திய கஞ்சி, பளபளப்புக்காகத் தேய்த்த தேங்காயெண்ணெய், மெழுகு பாலிஷ், கார்ப்பெட் ஒட்டிய பசை இவற்றை. இந்தத் தீனியை வீட்டிலிருந்து முழுக்க ஒழிக்க முடியாது. ஆகவே கைவைக்கக்கூடிய இடம் ஈரம்தான். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், நாகர்கோவில் பக்கத்துத் தரைத்தள வீடுகளில் சிமெண்ட் தரை, ரெட் ஆக்சைடு தரை, சரக்கு அறை ஆகியவற்றில் வரும் பூஞ்சையை மனதில் வைத்து எழுதியது இது.

பூஞ்சைதானா என்று முதலில் பாருங்கள்

தரையில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை அல்ல. பாதி வீடுகளில் அது உப்பு. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர் என்பதால் இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண்.

வெள்ளைப் படலத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் உப்பு. கரையாவிட்டால் ஒரு சொட்டு வினிகர். நுரைத்தால் அது சிமெண்டிலிருந்து வெளியே வந்த சுண்ணாம்பு. இரண்டுக்கும் அசையாமல், விரலில் தொட்டால் பஞ்சு போல நசுங்கி, மக்கின வாடை அடித்தால் பூஞ்சை.

கறுப்புப் புள்ளியானால் தண்ணீர் கலந்த பிளீச்சை ஒரு சொட்டு வைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள். நிறம் வெளுத்தால் பூஞ்சை, அப்படியே நின்றால் வெறும் அழுக்கு அல்லது எண்ணெய்க் கறை. பச்சையாக, வழுக்கலாக, வெளிச்சம் படும் இடத்தில் இருப்பது பாசி. குளியலறை ஓரத்தில் இளஞ்சிவப்பாக வழவழப்பாக இருப்பது பாக்டீரியா. சோப்பும் பிரஷும் போதும்.

கறுப்பாக இருந்தாலே கொடிய விஷப் பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். நிறத்தை வைத்து இனம் சொல்ல முடியாது. எந்த நிறமானாலும் ஆஸ்துமாக்காரருக்கும் கைக்குழந்தைக்கும் ஆகாது என்பதே கணக்கு.

ஒரு பிளாஸ்டிக் ஷீட் சோதனை

எந்த அறிகுறியானாலும் இந்தச் சோதனையைச் செய்த பிறகுதான் பணம் செலவழிக்க வேண்டும். கண்ணாடி போன்ற பாலித்தீன் ஷீட்டை (100 மைக்ரான் தடிமன்) 45 செ.மீ. சதுரமாக வெட்டி, தூசி துடைத்த தரையில் விரித்து நாலு பக்கமும் அகலமான டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். அறை நடுவில் ஒன்று, வெளிச்சுவர் ஓரம் ஒன்று, குளியலறைச் சுவர் ஓரம் ஒன்று. வெயில் நேராகப் படக்கூடாது, ஏசி ஓடக்கூடாது. குறைந்தது 16 மணி நேரம். ஒரு நாள் முழுக்க விட்டால் இன்னும் நல்லது.

ஷீட்டின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, பிரித்ததும் அடியில் தரை கறுத்திருந்தாலோ, ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. அதாவது ஓதம். ஷீட்டின் மேல்பக்கம் ஈரமாகி அடி காய்ந்திருந்தால் காற்றிலுள்ள ஈரம் தரையில் படிகிறது. மேலும் கீழும் ஈரமென்றால் ஓதத்தை முதலில் பாருங்கள். மூன்று ஷீட்டில் குளியலறை ஓரத்தில் மட்டும் நீர் கோத்தால் பிளம்பர் வேலை.

சித்திரை வெயிலில் செய்தால் இந்தச் சோதனை எல்லா வீட்டுக்கும் நற்சான்று கொடுத்துவிடும். மழைக்காலத்தில், பூஞ்சை வந்துகொண்டிருக்கும் நாளில் செய்யுங்கள்.

அறிகுறி: பாய், அட்டைப்பெட்டி, பீரோ இவற்றின் அடியில் மட்டும் பூஞ்சை

நடுத்தரை சுத்தமாக இருக்கும். பெட்டியைத் தூக்கினால் அதே அளவில் ஒரு சதுரம். இதில் பலர் குழம்புவார்கள்: மேசைமேல் வைத்த ஈரப்பதமானி 75% காட்டுகிறது, அவ்வளவு மோசமில்லையே என்று. அறைக் காற்று 28 டிகிரி, தரை 25 டிகிரி என்று வையுங்கள். மேசை உயரத்தில் 75% இருக்கும் அதே காற்று, குளிர்ந்த தரையைத் தொடும் இடத்தில் 90% ஆகிவிடும். ஒரு சொட்டு நீர் கண்ணில் படாமலே பூஞ்சைக்கு அது தாராளம். திறந்த தரையில் மின்விசிறிக் காற்று அந்த ஈரத்தைக் கொண்டுபோய்விடுகிறது. பெட்டிக்கு அடியில் காற்றில்லை. அட்டைப்பெட்டியும் கோரைப்பாயும் போதாக்குறைக்குத் தீனியும் ஆகின்றன.

செய்ய வேண்டியது எளிது. தரையோடு ஒட்டி எதையும் வைக்காதீர்கள். அரிசி மூட்டை, பெட்டிகளுக்கு 10 முதல் 15 செ.மீ. உயர மரச்சட்டம் அல்லது பிளாஸ்டிக் தட்டு. பீரோவுக்கு 5 செ.மீ. கட்டை, சுவரிலிருந்து 10 செ.மீ. இடைவெளி. பாயைச் சுருட்டி நிறுத்தி வையுங்கள், வாரம் ஒருமுறை வெயில் காட்டுங்கள். ஈரப்பதமானியைத் தரையில் வைத்துப் படியுங்கள். அங்கே 70%ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பூஞ்சை அநேகமாக வராது. 60%க்குக் கீழே கொண்டுவர முடிந்தால் கவலையே இல்லை, ஆனால் கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் இயந்திரம் இல்லாமல் அது நடக்காது.

சட்டம் போட்ட பிறகும் அடியில் படலம் வந்தால் காரணம் காற்றில் இல்லை. ஷீட் சோதனையைத் திரும்பப் பாருங்கள்.

அறிகுறி: மழை விட்டு வெயில் அடித்ததும் தரை வியர்க்கிறது

நாலு நாள் மழையில் தரை 25 டிகிரிக்கு இறங்கியிருக்கும். மழை விட்டதும் காற்று 30 டிகிரி, 80% ஈரப்பதத்தோடு உள்ளே வருகிறது. அந்தக் காற்று 26 டிகிரியில் பனிக்கத் தொடங்கும். தரையோ அதைவிடக் குளிர்ச்சி. குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வேர்ப்பதும் இதுவும் ஒன்றுதான்.

இங்கே நல்லெண்ணத்தில் செய்யும் தவறு: "வீடெல்லாம் ஈரம், காற்றாட விடு" என்று மழை விட்ட உடனே எல்லா ஜன்னலையும் திறப்பது. ஈரத்தை அழைத்து உட்கார வைப்பதற்குச் சமம். மழை விட்ட முதல் சில மணி நேரம் ஜன்னலைச் சாத்தி, உள்ளே மின்விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். தரையைத் தொட்டால் குளிர்ச்சி குறைந்த பிறகு, வெயில் ஏறிய நேரத்தில், பெரும்பாலும் பகல் 11 முதல் 3 மணி வரை திறந்து காற்றாட விடலாம். விடிகாலையில் திறக்காதீர்கள், நாளிலேயே ஈரப்பதம் மிகுந்த நேரம் அது.

நாளுக்கு இரண்டு முறை ஈரமாப் போட்டுத் துடைக்கும் பழக்கத்தை இந்த வாரங்களில் நிறுத்துங்கள். 10-க்கு 10 அடி அறையில் பிழியாத மாப் விட்டுவிட்டுப் போகும் தண்ணீர் கொஞ்ச நஞ்சமல்ல. நன்றாகப் பிழிந்து துடையுங்கள், பின்னாலேயே காய்ந்த துணியால் ஒரு ஓட்டம்.

அறிகுறி: ஏசி அறையிலோ, அதன் வாசலிலோ மட்டும்

இரவெல்லாம் 20, 22 டிகிரியில் ஓடிய அறையின் தரை காலையில் கதவைத் திறந்ததும் வேர்க்கும். கதவோரமும் கட்டில் அடியும் முதலில் கறுக்கும். 26 டிகிரிக்கு உயர்த்துங்கள். காலையில் ஏசியை நிறுத்தியவுடன் ஜன்னலைத் திறக்காமல் அரை மணி நேரம் மின்விசிறி ஓடட்டும். காற்றின் ஈரத்தை மட்டும் இழுக்கும் ட்ரை மோடு என்ற பொத்தான் மழை நாளுக்காகவே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. ஏசியின் வடிநீர்க் குழாய் சுவரோரத் தரையில் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். அது வெளியே கொட்டும் இடம் அதே அறையின் அடிமட்டச் சுவர் என்றால், காரணத்தைக் கண்டுபிடித்தாயிற்று.

அறிகுறி: சுவரோரமாகத் தொடங்கி உள்ளே பரவுகிறது, சுவரடியும் பொரிகிறது

இதுதான் ஓதம். மருந்தால் தீராதது, செலவும் இதில்தான். வீட்டுக்குள் எதையும் தொடுவதற்கு முன் வெளியே ஒரு சுற்று வாருங்கள், மழை பெய்யும்போதே.

மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியில் கொட்டுகிறதா? கொட்டினால் ஒரு எல்போ (வளைவு இணைப்பு) மூட்டும் குழாயும் வைத்து ஒன்றரை மீட்டர் தள்ளி விடுங்கள். சுவரை ஒட்டிப் பூந்தொட்டியும் வாழையும் இருந்தால் அகற்றுங்கள். சுவரைச் சுற்றி 60 முதல் 90 செ.மீ. அகலத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டு, 50-க்கு 1 என்ற சரிவில் வெளிப்பக்கம் வாட்டம் கொடுங்கள். மண் மட்டம் உள்தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். நிலத்தடித் தொட்டி அறையை ஒட்டியிருந்தால், ஓர் இரவு மோட்டாரையும் குழாயையும் நிறுத்தி, நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். ஒரு விரல் இறங்கினாலும் அந்தத் தண்ணீர் எங்கோ போகிறது.

இவ்வளவில் பாதி வீடுகளுக்குச் சரியாகிவிடும். மிச்சத்தில் பெரும்பாலானவை, சாலை மேலே ஏறியதால் கீழே போன வீடுகள். பழைய தாரைச் சுரண்டாமல் மேல் மேலாகப் போட்ட தெருக்களில் ஒரு காலத்தில் மூன்று படி ஏறிய வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. அங்கே சுவரில் ஈரம் ஏறாமலிருக்கப் பேஸ்மட்டத்தில் போட்ட ஓதத் தடுப்புப் பட்டையே மண்ணுக்குள் புதைந்திருக்கும்.

தரையை உடைத்துப் போடுவதென்றால் அடுக்கு இப்படி: கெட்டித்த மண்ணுக்கு மேல் 40 மி.மீ. ஜல்லி 100 முதல் 150 மி.மீ. கனம். இதில் களிமண்ணோ கிராவல் பொடியோ கலந்தால் ஜல்லி போட்ட பயனே போய்விடும். ஜல்லிகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடம்தான் ஈரம் உறிஞ்சி ஏறுவதை அறுக்கிறது. ஜல்லிமேல் மெல்லிய மணல், அதன்மேல் 1000 கேஜ் (250 மைக்ரான்) பாலித்தீன் ஷீட், இணைப்பில் 15 செ.மீ. மேற்படிந்து டேப் ஒட்டி, ஓரங்களில் சுவர்மேல் மடித்து. அதற்கு மேல் 1:4:8 கலவையில் 100 மி.மீ. கான்கிரீட், பிறகு தரை. கொத்தனார் ஷீட்மேல் பாண்டைத் தூக்கிப் போட்டு ஓட்டை போட்டுவிடுவார். கொட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

உடைக்க மனமில்லாமல் பழைய தரைமேல் டைல்ஸ் ஒட்டுவது உண்டு. தரைப் பூஞ்சை கண்ணிலிருந்து மறையும். ஆனால் மேலே வர வழியில்லாத ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து சுவரில் ஏறும். இரண்டு மழைக்காலத்துக்குள் சுவரடிப் பூச்சு உப்பிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம்.

அறிகுறி: எப்போதும் ஒரே வடிவத்தில் ஒரு ஈரத்திட்டு, கோடையில் காணவில்லை

கடற்கரை ஊர்களுக்கே உரிய சிக்கல். உவர் மணலிலோ உப்புத் தண்ணீரிலோ கட்டிய தரையில் சோற்றுப்பு ஊறியிருக்கும். காற்றின் ஈரப்பதம் 75%ஐத் தாண்டினால் அந்த உப்பு தானாக நீரை இழுத்துக் கசியும். மழைக்கால உப்பு ஜாடியைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குழாய் ஒழுகுகிறது என்று எண்ணித் தரையை உடைத்து, ஒழுகலே இல்லாமல் மூடிய கதைகள் பெரும்பாலும் இதுதான்.

ஆசிட் ஊற்றிக் கழுவிய தரையும் இதே வேலையைச் செய்யும். ஆசிட் சிமெண்டிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் குளோரைடு ஆகிறது. அது உப்பைவிட மோசமாக நீரை இழுக்கும், கான்கிரீட்டுக்குள் கம்பி இருந்தால் துருப்பிடிக்க வைக்கும். "ஆசிட் போட்ட பிறகு ஈரம் அதிகமாகிவிட்டது" என்று சொல்வது பிரமை அல்ல.

வைத்தியம்: கோடையில், தரை நன்கு காய்ந்திருக்கும்போது, வெளியே வந்த உப்பைக் காய்ந்த பிரஷால் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் தொடக்கூடாது; தொட்டால் உப்பு கரைந்து உள்ளே போய்விடும். (பூஞ்சையில் நேர் எதிர், காய்ந்து கூட்டவே கூடாது.) பிறகு செய்தித்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து அரைத்த கூழை ஒரு விரல் கனத்துக்கு அப்பி, திறந்தபடியே தானாகக் காயவிட்டு எடுத்து எறியுங்கள். கூழ் காயும்போது தரையிலுள்ள உப்பைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். மூன்று நான்கு தடவை செய்தால் திட்டு மங்கும். முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

அறிகுறி: குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் மட்டும்

தாழ்த்திப் போட்ட தளத்தில் செங்கல் ஜல்லி நிரப்பிய குளியலறை என்றால், அந்த ஜல்லி ஒரு பஞ்சு. டைல்ஸ் இடுக்கில் இறங்கிய தண்ணீரை மாதக்கணக்கில் தேக்கிவைத்துப் பக்கத்து அறைக்குக் கொடுக்கும். நஹானி டிராப் (தரைத் தண்ணீர் வடியும் துளை) வாயை ஈரத்துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, வாசலில் சிறு மண் வரப்புக் கட்டி, 25 மி.மீ. உயரம் தண்ணீர் நிறுத்தி நிறப்பொடி கலந்து 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் தளம் கசிகிறது. இறங்காமல், அடைப்பை எடுத்து வடியவிட்ட பிறகு மறுபக்கம் ஈரம் கூடினால் டிராப்பின் கழுத்து இணைப்பு. முதலாவதற்கு இடுக்குகளைச் சுரண்டி எபாக்ஸி கிரவுட் (தண்ணீர் புகாத இடுக்குப் பூச்சு) அடிப்பதைச் செய்துபாருங்கள். இரண்டாவதற்கு உடைப்பதைத் தவிர வழியில்லை.

இனி, பூஞ்சையை எடுப்பது

காரணத்தை நிறுத்தியாயிற்று, அல்லது நிறுத்தும் வேலை நடக்கிறது என்ற நிலையில்தான் இது. ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் ஒரு மணி நேர வேலை. முழு அறையென்றால் ஒரு பகல்.

அறையைக் காலி செய்யுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், மேல் மின்விசிறி நின்றிருக்கட்டும்; அது ஓடினால் வித்துகள் வீடெல்லாம் பறக்கும். என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, பக்கம் மூடிய கண்ணாடி. துணி கட்டிக்கொள்வது வித்துகளைத் தடுக்காது.

விளக்குமாற்றைத் தொடாதீர்கள். சோப்பு கலந்த தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிப் படலத்தின்மேல் லேசாக அடித்து, ஈரச் செய்தித்தாளால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள்.

அடுத்து சோப்புக் கழுவல். 10 லிட்டர் வெந்நீரில் 50 மி.லி. பாத்திரச் சோப்புத் திரவம். எண்ணெய் தேய்த்த தரையானால் கூடவே இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா. கெட்டியான நைலான் பிரஷால் ஒரு சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டராகத் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை வைப்பரால் கூட்டி முறத்தில் அள்ளுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். அதிலிருந்து உதிரும் துகள் துருப்பிடித்துப் புதுப் புள்ளிகளாகும். இரண்டு தடவை நல்ல தண்ணீரால் அலசுங்கள். சோடா தங்கினால் வெள்ளைப் படலம், சோப்பு தங்கினால் பூஞ்சைக்கு விருந்து.

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும், பூஞ்சைக்கு மிச்சமிருக்காது. உண்மையில் நூற்றுக்குத் தொண்ணூறு வேலையைப் பிரஷும் சோப்பும் முடித்துவிடுகின்றன.

மருந்தில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றை மட்டும்.

வீட்டுக்குள், படுக்கையறையில் ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6%. சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3%. சதுர மீட்டருக்குக் கால் லிட்டர் கணக்கில் நனைத்து 15 நிமிடம் விடுங்கள். நுரைத்து இடுக்குக்குள் இறங்கும். வாடை இல்லை, பின்னால் தண்ணீராகவே மாறிவிடும்.

சரக்கு அறை, கார் நிறுத்துமிடம் போன்ற இடங்களுக்குப் பிளீச்சிங் பவுடர். 33% குளோரின் உள்ள புதுப் பவுடரானால் லிட்டருக்கு 15 கிராம், அதாவது 0.5% கரைசல். பிளாஸ்டிக் வாளியில் கலக்கி, கால் மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு வண்டல் தரையில் படிந்தால் வெள்ளைத் திட்டு. 10-க்கு 10 அடி அறைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் போதும். 10, 15 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும், காய்ந்தால் மேலும் தெளியுங்கள், பிறகு அலசுங்கள். பொட்டலத்திலேயே நசநசத்துப் போன பவுடரில் வீரியம் இருக்காது. அளவைக் கூட்டிப் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். வண்ணம் சேர்த்த தரையில் மூலையில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

பிளீச்சோடு ஆசிட், கழிவறை கழுவும் திரவம், வினிகர், அம்மோனியா எதுவும் சேரக்கூடாது. ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு. "முதலில் ஆசிட் ஊற்றினேன், போகவில்லை, அதன்மேலேயே பிளீச்சிங் போட்டேன்" என்பதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் அலசிவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள். அந்த நொடியே வெளியேறுங்கள், ஆட்களையும் வெளியேற்றுங்கள்.

அதன் பிறகு காயவைப்பது. வைப்பரால் வழித்து, துணியால் ஒற்றி, மேசை மின்விசிறியைத் தரையில் வைத்துத் தரையோடு காற்று ஓடும்படி 48 மணி நேரம். மழை நாளென்றால் கதவை அடைத்து ஏசியை ட்ரை மோடில் போடுங்கள். காயாத தரையில் பீரோவைத் திரும்ப வைத்தால் செய்ததெல்லாம் போச்சு.

குழந்தைகளும் நாய் பூனையும் வராத அறையானால் கடைசியாக வெண்காரம் (போராக்ஸ்): லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம், மெல்லியதாகப் பூசி அலசாமல் விடுங்கள். தரையில் தங்கி அடுத்த முளைப்பைத் தடுக்கும். லேசான வெள்ளைப் படலம் தெரியும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதை நினைக்கவே வேண்டாம், வாயில் போனால் நஞ்சு.

அறிகுறி: பூஞ்சை போய்விட்டது, கறுப்புக் கறை போகவில்லை

கறை வேறு, உயிருள்ள பூஞ்சை வேறு. கான்கிரீட்டின் துளைகளுக்குள் இறங்கிய நிறம் அது. 6% பெராக்சைடில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பொடியைக் குழைத்து இட்லி மாவுப் பதத்தில் அரை விரல் கனம் அப்பி, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, ஓரத்தில் சிறு இடைவெளி விட்டு ஒரு நாள் வையுங்கள். இரண்டு தடவைக்குப் பிறகும் நின்றால் விட்டுவிடுங்கள். வளராத கறையால் கேடில்லை. வளர்கிறதா என்று தெரிய விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு மாதம் ஒருமுறை பாருங்கள்.

அறிகுறி: தரைக்குப் பெயிண்ட் அடித்தோம், கொப்புளமாக எழும்பி அடியில் பூஞ்சை

ஓதமுள்ள தரையில் எபாக்ஸியோ எனாமலோ அடித்தால் இதுதான் நடக்கும். கீழிருந்து வரும் நீராவி போக வழியில்லாமல் படலத்தைத் தூக்குகிறது. கொப்புளத்தைக் குத்தினால் உள்ளே நீர் இருக்கும். மேலே இன்னொரு கோட் அடிப்பது பணத்துக்குக் கேடு. முழுக்கச் சுரண்டி எடுத்து, சுத்தம் செய்து, ஷீட் சோதனையில் அடிப்பக்கம் காய்ந்து வரும்வரை காத்திருங்கள். புதுக் கான்கிரீட் என்றால் ஒவ்வொரு 25 மி.மீ. கனத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாதம் காய வேண்டும். கிரகப்பிரவேச நாள் அதற்காகக் காத்திருக்காது என்பதுதான் சிக்கலே. பூச்சு வேண்டுமென்றால் துளைக்குள் இறங்கி ஆவியை வெளியே விடும் சிலேன் சிலாக்சேன் வகை. அதுவும் மேலிருந்து சிந்தும் தண்ணீரைத்தான் தடுக்கும், கீழிருந்து ஏறும் ஓதத்தை அல்ல.

அறிகுறி: கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, வாடை மட்டும்

தரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள விரிசல், சுவரடியில் ஒட்டிய ஸ்கர்டிங் டைல்ஸின் பின்புறம், வினைல் ஷீட்டின் அடி. வினைலின் மூலையைத் தூக்கி மோந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே முடியும். வினைலை எடுத்துவிட்டால் பசையையும் சுரண்டியாக வேண்டும், பூஞ்சையின் தீனி அதுதான். விரிசலுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ், பெராக்சைடு, காய்ந்த பின் சிமெண்ட் கிரவுட்.

அறிகுறி: வெளித்தளத்தில் பச்சை, வழுக்கல்

பாசி. பிளீச்சிங் கரைசலை வெயில் இல்லாத மாலையில் தெளித்து, காலையில் தேய்த்துக் கழுவுங்கள். செடிகளுக்கும் மீன்தொட்டிக்கும் அந்தத் தண்ணீர் போகக்கூடாது. தண்ணீர் நிற்கும் பள்ளத்தைச் சிமெண்ட் வைத்துச் சமன்செய்யாவிட்டால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

வெள்ளம் புகுந்த தரை

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் சென்னையின் தரைத்தள வீடுகளுக்குள் வந்தது மழைநீர் மட்டுமல்ல, சாக்கடையும் கலந்தது. இங்கே பெராக்சைடு, வெண்காரம் என்று யோசிக்காமல் நேராகப் பிளீச்சிங். மெயின் சுவிட்சை அணைத்த பிறகே உள்ளே கால் வையுங்கள். சேற்றை ஈரமாக இருக்கும்போதே வழித்துத் தள்ளுங்கள், காய்ந்தால் தூசியாக மூக்கில் ஏறும். சோப்புக் கழுவல், அலசல், 0.5% கரைசல் 15 நிமிடம், மறுபடி அலசல். நனைந்த மெத்தை, அட்டைப்பெட்டி, ஊறிப்போன பிளைவுட் அலமாரியின் அடித்தட்டு ஆகியவற்றைக் காயவைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். நனைந்து இரண்டு நாள் ஆன பிளைவுட்டில் பூஞ்சை உள்ளே போய்விட்டிருக்கும்.

தரை மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் அடியில் மண் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுவரின் கீழ் ஒரு மீட்டருக்கு பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், பழைய முறையில் நீர்த்த சுண்ணாம்பே பூசுங்கள். ஈரம் அதன் வழியே வெளியேறும், அதன் காரத்தில் பூஞ்சையும் சுலபத்தில் முளைக்காது. காற்றில் அந்தக் காரம் மெல்ல இறங்கிவிடும் என்பதால் அடுத்த பொங்கலுக்கும் பூச வேண்டியிருக்கும். தரைக்கு விரிப்பும் பெயிண்டும் அடுத்த கோடை தாண்டி, ஷீட்டின் அடிப்பக்கம் காய்ந்து வந்த பிறகு.